கடன் கேட்கக் கட்டிய பட்டுப்புடவை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஓசூர்த் தூறல் நனைக்கவும் நனைக்காது, விடவும் விடாது. துணி காயவில்லை. எங்கள் சரக்குக்குக் கவலையில்லை, பிளாஸ்டிக்தானே.

இந்த டைரி வீ.கா. (வீட்டுக்காரர்) கம்பெனியில் போன வருடம் கொடுத்தது. இந்த வருடம் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாதாம். கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

இன்று முடித்தது: கோழிக்கூடை 4, துணிக்கூடை 1. விரலில் பிளாஸ்திரி 3.

மத்தியானம் ஸ்கிராப் குடோன் கோவிந்தப்பா போன் செய்தார். "கோமதியம்மா, சீக்கிரம் வா. உனக்கு லாட்டரி அடிச்சிருக்குது." போய்ப் பார்த்தேன். நிஜம்தான். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை, வெட்டாத முழு உருளைகளாக, ஒரு மூலை நிறைய. நீலமும் மஞ்சளும். ஏதோ கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டதாம். பழைய பெயர் அச்சடித்ததெல்லாம் குப்பைக்கு வந்துவிட்டது.

இத்தனை வருடம் நாங்கள் பின்னியது, கம்பெனிகளில் பெட்டியைப் பிரித்து வெட்டிப் போடுகிற துண்டுப் பட்டையில். முழத்துக்கு முழம் ஒட்டு. பெங்களூர்க் கடைக்காரம்மா நூற்றைம்பது துணிக்கூடை கேட்கிறார், ஒட்டே இருக்கக் கூடாதாம். இரண்டு மாதமாக "ஆகட்டும்மா, பார்க்கலாம்மா" என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பட்டை கண்ணெதிரே கிடக்கிறது.

ஆனால் மொத்தமாக எடுக்க வேண்டும். ரொக்கம். அறுபதாயிரம். 20ஆம் தேதி வரை வைத்திருப்பாராம், அப்புறம் உருக்குகிற இடத்துக்கு லாரி ஏறிவிடும். எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரையும் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஆறாயிரம் விழாது.

ஜூன் 4, புதன்

கடன் ஆபீஸ் பவித்ரா மேடம் வந்தாள். வயது இருபத்து நாலு. வாய் நிறைய மேடம் என்று கூப்பிட்டுவிட்டு இங்கே 'வந்தாள்' என்று எழுதுகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள். திருநெல்வேலிப் பெண். நம் ஊர்க் குளிருக்கு ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர்.

உருளை விஷயத்தைச் சொன்னேன். புதுசாக ஒரு திட்டம் இருக்கிறதாம்.

"வெளிநாட்டுல உள்ளவங்க நெட்டுல உங்க போட்டோவையும் கதையையும் பாப்பாங்கக்கா. ஆளுக்குக் கொஞ்சமா கடன் போடுவாங்க. ஒருத்தர் ரெண்டாயிரம் போட்டா முப்பது பேர் போதும். அவங்களுக்கு வட்டி கிடையாது, போட்டதைத் திருப்பிக் குடுத்தா போதும். அம்புட்டுத்தான்."

முனிரத்னாவுக்கு நம்பிக்கை இல்லை. குழுவில் அவள்தான் எனக்கு அடுத்து, வாயிலும் கை வேகத்திலும். "மொகம் தெரியாதவளுக்கு எவனாச்சும் கடன் குடுப்பானாக்கா? எங்க தம்பிக்கே நான் குடுக்க மாட்டேன்."

பவித்ரா அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறாள், ஒரு வாரம். வெள்ளிக்கிழமைக்குள் போட்டோவும் எங்களைப் பற்றி நாலு வரியும் வாட்ஸாப்பில் அனுப்பிவிட வேண்டுமாம். ஆபீஸில் வேறு ஆள் ஏற்றிவிடுவார்.

வாங்க வேண்டியது: பிளாஸ்திரி, துவரம்பருப்பு, சின்னவளுக்கு நோட்டு அட்டை.

ஜூன் 5, வியாழன்

தூறல் இல்லை. போட்டோவுக்கு நல்ல வெளிச்சம்.

கடன் கேட்க எப்படிப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். என் மாமனார் மாடு வாங்கக் கடன் கேட்கப் போனால் பக்கத்து வீட்டு வெள்ளை வேட்டி, சம்பந்தி கைக்கடிகாரம். ஒரு தடவையும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. சின்ன மாமனார் அழுக்குத் துண்டோடு போனார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆள் பாதி, ஆடை பாதி. கடன் விஷயத்தில் ஆடை முக்கால்.

ஏற்பாடு:
பட்டுப்புடவை 5. என்னுடையது கல்யாணப் புடவை, மற்றதெல்லாம் இரவல்.
ஆரம். ஓனரம்மாவுடையது. (நாங்கள் இருக்கிற லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர். முன்பக்கத்து மாடி வீடு அவருடையது.)
வளையல். கவரிங். தூரத்திலிருந்து தெரியாது.
பின்னால் நிற்க ஓனரம்மாவின் மாடி வீடு, டைல்ஸ் முகப்பு தெரியும்படி.
பக்கவாட்டில் ஓனரம்மா மகனின் கார். துடைத்து நிறுத்தியது மு. (முனிரத்னா).

ஓனரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. "ஆரத்த முந்தானை மூடுது பாரு, இழுத்து வுடு. வெளிநாட்டுக்காரன் நம்பள இன்னான்னு நெனைப்பான்?"

வீ.கா. ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் படம் எடுத்தார். எடுத்து முடித்த பிறகுதான் கூடை ஞாபகம் வந்தது. ஓடிப் போய் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தோம். "வெறுங்கூடையா வெச்சா அபசகுனம்" என்றாள் மு. அதனால் செந்தூரா மாம்பழம் அடுக்கினோம், வழிய வழிய. மறுபடியும் படம். மாம்பழம் அருமையாக விழுந்திருக்கிறது.

நாலு வரி நானே எழுதினேன்: "இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் குடும்பத்தாரின் நலம் அறிய ஆவல். கடவுள் புண்ணியத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடன் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்."

படித்துக் காட்டினேன். கண்ணியமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 7, சனி

ஏறிவிட்டது! ஆபீஸிலிருந்து லிங்க் வந்தது. நாலு வரியை இங்கிலீஷில் மாற்றியிருக்கிறார்கள், ஒரு எழுத்து விடாமல். சின்னவள் படித்துச் சொன்னாள். ஆரம் பளபள.

இதுவரை கடன் போட்டவர்கள்: யாரும் இல்லை. இப்போதுதானே ஏறியிருக்கிறது. அவர்கள் ஊரில் எல்லோரும் தூங்குகிற நேரம் என்கிறார் வீ.கா.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கோழிக்கூடை 12 அனுப்பியது. விற்றது 11. ஒன்றை மாடு மிதித்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

யாரும் இல்லை. எத்தனை நேரம்தான் தூங்குவார்கள்?

ஜூன் 10, செவ்வாய்

நானும் மு.வும் பஸ் ஏறி ஆபீசுக்கே போனோம். பவித்ரா வர நாளை ஆகுமாம். அங்கே ஜவளகிரி மாதம்மாவைப் பார்த்தோம். மூங்கில் முறம் பின்னுகிறவள். அவளுக்கு இரண்டே நாளில் முழுப் பணமும் நிறைந்துவிட்டதாம்! அவள் படத்தைக் காட்டினாள். மண் சுவர், சாயம் போன புடவை, கையில் பாதி பின்னிய முறம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல முகம்.

"இன்னா மாதம்மா, இவ்ளோ சோகம்?" என்றேன்.

"வயித்து வலிக்கா. அன்னிக்குக் காலையில இருந்து ஒண்ணும் தங்கல. அந்த நேரம் பாத்து மேடம் வந்து நிக்குது. நான் எழுந்து நின்னதே பெருசு."

திரும்பும்போது பஸ்ஸில் மு. ரொம்ப நேரம் யோசனை. பிறகு மெதுவாக, "அக்கா, நம்பளும் எதையாச்சும் தின்னுட்டு நிக்கலாமா?"

ஜூன் 11, புதன்

மேகமூட்டம். பவித்ரா வந்துவிட்டாள். படத்தைப் பார்த்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, இப்படிப் பண்ணிட்டீய! இதப் பாத்தா நீங்க கடன் குடுக்கிற ஆளு மாதிரில்லா இருக்கு!"

அவள் சொன்னதன் சாரம்: பார்க்கிறவர்கள், இவ்வளவு இருக்கிறவர்களுக்கு எதற்குக் கடன் என்று அடுத்தவர் படத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒருவர் மட்டும் கேள்வி எழுதியிருக்கிறார், இவர்கள் மாம்பழ வியாபாரமா என்று. கூடை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னுகிறவர்கள் என்றே தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஓனரம்மா இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "இன்னாது, எங்க வூட்டப் பாத்துட்டா கடன் குடுக்கல? எங்க வூட்டுக்கு இன்னா கொறச்சல்? மேல இன்னொரு ரூம் எடுக்கறேன், அப்பறம் வந்து பாக்கச் சொல்லு!"

அவரைச் சமாதானப்படுத்தவே அரை மணி நேரம். பவித்ரா இந்தப் படத்தை இறக்கிவிட்டு வேறு படம் ஏற்ற பெங்களூர் ஆபீஸில் கேட்டுப் பார்ப்பாளாம்.

ஜூன் 12, வியாழன்

எரிச்சல். இரவெல்லாம் இதே நினைப்பு, காலையில் காப்பியும் கசந்தது. நான் கேட்டது கடன். பிச்சையா கேட்டேன்? திருப்பிக் கொடுக்கிற வக்கு இருக்கிறது என்று காட்டினால் தப்பு, இல்லை என்று காட்டினால் பணம். இது என்ன ஊர் நியாயம்?

பவித்ரா தன்மையாகத்தான் சொன்னாள். "கஷ்டப்படுத மாதிரி நடிக்கச் சொல்லலக்கா. வேலை பாக்கும்போது எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க, போதும்."

இருந்தோம். பழைய புடவை, லைன் வீட்டு வாசல், ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து பின்னல். போனைத் தூக்கியதும் ஐந்து பேருக்கும் கை நின்றுவிட்டது, முதுகு நிமிர்ந்துவிட்டது. லட்சுமம்மா குங்குமம் சரி செய்கிறாள். வீ.கா.வுக்கு இன்று வார விடுமுறை, டைரக்டர் ஆகிவிட்டார். "கோமு, மொகத்தக் கொஞ்சம் தொங்கப் போடு. முனிரத்னா, மாதம்மாவ நெனச்சுக்கோ." மாதம்மா என்றதும் மு.வுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. எனக்கும். அப்புறம் நிறுத்த முடியவில்லை. முப்பது படம், முப்பதிலும் சிரிப்பு. லாட்டரி விழுந்தவர்கள் கூட அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

சாயங்காலம் சிரிப்பு போய்விட்டது. இன்னும் எட்டு நாள். இந்த ஆர்டர் போனால் மறுபடி கம்பெனி கேன்டீன்தான். எட்டு வருடம் அங்கே தட்டு கழுவியவள் நான். சாம்பார் வாசம் தலைமுடியை விட்டுப் போகவே ஒரு வருடம் ஆயிற்று. லட்சுமம்மா இப்போதே அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்திருக்கிறாள். என்னிடம் மறைக்கிறாள். எனக்குத் தெரியும். கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

ஜூன் 14, சனி

இன்று நான் நடந்துகொண்டது சரியில்லை. ஆனால் வருத்தமும் இல்லை.

பவித்ராவுக்குச் சரக்கைக் காட்டலாம் என்று குடோனுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்தால், கோவிந்தப்பா வேறொரு ஆளுக்கு என் உருளைகளைக் காட்டிக்கொண்டிருக்கிறார்! அந்த ஆள் விரலால் பட்டையை இழுத்துப் பார்த்து "எஷ்டு?" என்று விலை கேட்கிறான். கன்னடத்தில் கேட்டால் எனக்குப் புரியாதா?

"இருபதாம் தேதின்னு சொன்னியே, இன்னைக்கு இன்னா தேதி? சொல்லு!"

"சும்மா காட்டினேம்மா. காட்டினா தேஞ்சா போயிடும்?"

"பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிட்டு வேற மாப்பிள்ளைக்குச் சும்மா காட்டுவியா நீ?"

அந்த ஆள் ஒதுங்கி நின்று "யாரு ஈ அம்மா?" என்றான். நான் யாரென்று காட்டினேன். ஒரு உருளையைப் பிரித்து நாலு முழம் இழுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அங்கேயே கீழே உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். வாய் ஒரு பக்கம் திட்டுகிறது, கை ஒரு பக்கம் பின்னுகிறது. "இது உருக்கற சரக்கா? பாரு, கண்ணு இருந்தா பாரு, ஒரு ஒட்டு இருக்குதா?" அடிப்பாகம் முடிந்து சுவர் நாலு விரல் எழும்பியபோது அந்த ஆள் போயே விட்டான். கோவிந்தப்பா எனக்கு டீ சொன்னார்.

20 வரைக்கும் யாருக்கும் காட்டுவதில்லை என்று அவர் மகள்மேல் சத்தியம் வாங்கினேன்.

வெளியே வந்ததும் பவித்ரா போனைக் காட்டினாள். சண்டையின்போது சத்தமில்லாமல் எடுத்திருக்கிறாள். தலை கலைந்திருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது, கழுத்தில் நீலப் பட்டை, விரலெல்லாம் பிளாஸ்திரி, மடியில் பாதிக் கூடை. "அழிச்சுடு மேடம்" என்றேன். "அழிக்கவே மாட்டேன்க்கா" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

பெங்களூர் ஆபீஸ் சம்மதித்துவிட்டது. அந்தப் படம்தான் ஏறியிருக்கிறது. எனக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை.

வீ.கா. உற்றுப் பார்த்துவிட்டு, "இது நான் தெனமும் பாக்கற மொகந்தானே" என்றார். பதிலுக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

கதையை இந்தத் தடவை நான் சொல்லச் சொல்ல பவித்ரா எழுதினாள். பட்டை எங்கிருந்து வருகிறது, ஒட்டு என்றால் என்ன, நூற்றைம்பது கூடை, கேன்டீன், குடோன் சண்டை, தேதி. பின்னும்போது விரல் அறுபடும் என்பதையும் சேர்த்தாள். வேண்டாம் என்றேன். "பொய்யாக்கா?" என்றாள். பொய்யில்லை.

மத்தியானம் 4 பேர். சாயங்காலம் 9 பேர்!

ஜூன் 17, செவ்வாய்

17 பேர். மு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போனைப் பிடுங்குகிறாள். இன்று கூடை உற்பத்தி மூன்றுதான். ஓனரம்மா மாடியிலிருந்தே, "எத்தினி ஆச்சு?" பழைய படத்துக்கு ஒருத்தரும் வராததை அவர் இன்னும் மறக்கவில்லை. அந்த ஆரத்தை மாற்றி வேறு டிசைன் எடுக்கப் போகிறாராம்.

ஜூன் 18, புதன்

26. அதற்குமேல் நகரவில்லை. காலையிலும் 26, இரவு சாப்பாட்டுக்கும் 26.

வீ.கா. தானே இரண்டாயிரம் போட்டுவிடலாமா என்று கேட்டார். சம்பளத்துக்கு முன்பணம் வாங்குவாராம். ரசத்தில் உப்புப் போடாததற்கு வெட்கப்பட்டேன். சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

காலை 29. பதினொன்றரைக்கு நிறைந்துவிட்டது. முப்பது பேர்! மு. தெலுங்கில் என்னென்னவோ கத்தினாள். லட்சுமம்மா அழுதாள். நான் அழவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர நாளாகுமாம். ஆபீஸே முன்னால் கொடுத்துவிடுகிறது.

ஜூன் 20, வெள்ளி

மினி டெம்போவில் உருளைகள் வந்து இறங்கின. வீட்டுக்குள் இடமில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோ பக்கத்தில், குளியலறை வாசலில். வீ.கா. படுக்க உருளைகளைத் தாண்டிப் போகிறார். ஓனரம்மா மகனின் கார் நிற்கிற இடத்தில் பாதியைக் கொடுத்தார். கார் தெருவில்.

ஒட்டில்லாத பட்டையில் பின்னுவது வேறு சுகம். கை நிற்காமல் போகிறது. வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி என்று இத்தனை வருடம் போன நேரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூன் 23, திங்கள்

வெயில். குழுக் கூட்டம். முடித்த துணிக்கூடை 14.

பவித்ரா கடன் போட்ட முப்பது பேர் பட்டியலைக் கொண்டுவந்தாள். சிலர் இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். படித்துத் தமிழில் சொன்னாள். ஒருவர் கூடை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். ஒருவர், இந்த அம்மாவிடம் சண்டை போட்டவர் இப்போது நலமா என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தோம்.

கடைசியாகப் படித்தது, 26ஆவதாக வந்தவர் எழுதியது. ஒரு வயதான அம்மா. ஏதோ பனி பெய்கிற நாடு, பெயர் வாயில் நுழையவில்லை. பவித்ரா படித்தாள்:

"நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறேன். இது பல் கட்டுவதற்காகச் சேர்த்துவரும் பணத்திலிருந்து. இன்னும் முழுதாகச் சேரவில்லை, அதுவரை சும்மாதானே இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் திருப்பித் தருகிறவர் என்று தெரிகிறது."

வெளிநாட்டுக்காரர்கள் என்றால் பணத்தை மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள், அதில் சிந்தியதை நமக்குத் தருகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தரை துடைக்கிற கைக்காசா என்னிடம் வந்திருக்கிறது? உருளைகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மு.தான் முதலில் வாய் திறந்தாள். "எந்தப் பல்லாம்? முன் பல்லா, கடவாப் பல்லா?"

"அதெல்லாம் எழுதலக்கா" என்றாள் பவித்ரா.

"போட்டோ இருக்குதா?"

இருந்தது. கண்ணாடி போட்ட அம்மா. மு. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி வாயருகே கொண்டுபோனாள். ஐந்து தலையும் போன்மேல் கவிழ்ந்தன.

"முன் பல்லுதான்க்கா. வாயத் தொறக்காம சிரிக்குது பாரு."

கடவாய்ப் பல் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், முன் பல் என்றால் நாலு பேருக்கு முன்னால் எப்படிப் பேசுவார் என்று லட்சுமம்மாவுக்குக் கவலை. அந்த அம்மாவுடையதை மட்டும் முதலில் கொடுத்துவிட முடியுமா என்று பவித்ராவைக் கேட்டேன்.

"முடியாதுக்கா. நீங்க கட்டுத தவணை முப்பது பேருக்கும் சமமாப் பிரிஞ்சுதான் போகும்."

"அப்ப முப்பது பேருக்கும் சீக்கிரம் குடுத்துடலாம்" என்றாள் மு.

பன்னிரண்டு மாதக் கடனை எட்டு மாதத்தில் முடிப்பது என்று தீர்மானம். ஐந்து பேரும் கையெழுத்து. தீர்மான நோட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, எப்போதும் வெறுமையாக விடுவேன். இன்று அதில் 'பல்' என்று எழுதியிருக்கிறேன்.